பழைய பியானோவின் குரல்



பியானோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தமிழ்த் திரைப்படங்கள்தாம். பெரிய மாளிகையின் கூடத்தில், மாடிப்படி ஓரமாக, பளபளவென்று ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். கதாநாயகன் அதன் முன்னே அமர்ந்து பாடுவார். பிறந்தநாள் விழாவுக்கு வந்தவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கலாம். சில தோட்டங்களில், மாலை வேளையில், துரை பங்களாவின் சன்னல் வழியாக அந்த ஒலி கசிந்து வரும். வேலிக்கு வெளியே நின்று கேட்டதோடு சரி. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு வாய்ப்பில்லை.

இன்று அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். பியானோவுக்கு அந்தக் குரல் எப்படி வந்தது, அதை மேம்படுத்த 300 ஆண்டுகளாக யார் யார் உழைத்தார்கள், வயதாகிக் குரல் கெட்டுப்போன ஒரு சிறிய பியானோவை மீண்டும் பேச வைக்க முடியுமா என்பவற்றைக் காண்போம். இந்தக் கேள்வி எங்களுக்கு ஒரு தேவையினால் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடியிருந்த தோட்டம் கைமாறியது. பங்களாவைக் காலி செய்தபோது, அங்கே கிடந்த ஒரு பழைய ‘பேபி கிராண்ட்’ பியானோவைத் தோட்ட மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எட்டுப் பேர் சேர்ந்து அதை லாரியில் ஏற்றி இறக்கினோம். ஆவலோடு மூடியைத் திறந்து தட்டிப் பார்த்தால், மேல் சுரங்கள் தகரத்தில் ஆணி விழுந்தாற்போல் கீச்சிட்டன. கீழ்ச் சுரங்களோ நனைந்த கோணிச்சாக்கைத் தடியால் அடித்தாற்போல் ஒலித்தன. சில கட்டைகள் அழுத்தினால் எழவே இல்லை.

மண்டபக் குழுவில் இரண்டு கருத்து எழுந்தது. “பிள்ளைகளின் பாட்டுக்கு உதவும், சரி செய்வோம்” என்றனர் சிலர். “சேமிப்பில் இருப்பது குடும்பங்கள் மாதாமாதம் கொடுத்த சந்தாப் பணம். சோதனை எழுதும் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு வைக்க வேண்டிய பணம். அதைச் செத்த பெட்டியில் கொட்டுவதா?” என்றனர் மற்றவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில், பட்டணத்திலிருந்து பியானோ சீர் செய்யும் முதியவர் ஒருவரை அழைத்துக் காட்டுவது, அவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வது என்று தீர்மானித்தோம். அந்தச் சீனப் பெரியவர் வந்தார். மலாய் மொழியில் எங்களோடு பேசினார். பெட்டியின் உள்ளே இருந்த ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக்காட்டி விளக்கினார். அன்று தொடங்கிய ஆர்வத்தால் பின்னர் தேடிப் படித்தவற்றையும் சேர்த்தே இங்கே சொல்லுகிறோம்.

பியானோ பிறந்த கதை

பியானோவுக்கு முன்பு ஐரோப்பாவில் ‘ஹார்ப்சிகார்ட்’ என்ற கருவி வழக்கில் இருந்தது. கட்டையை அழுத்தினால், பறவை இறகின் தண்டில் செய்த சிறு முள் ஒன்று தந்தியை மீட்டிவிட்டு இறங்கும். மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். பாடகர் குரலைத் தாழ்த்தி உயர்த்துவதுபோல இக்கருவியால் செய்ய இயலவில்லை.

இந்தக் குறையைத் தீர்த்தவர் இத்தாலியின் பதுவா நகரில் 1655ஆம் ஆண்டு பிறந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தொஃபோரி. இவர் புளோரன்ஸ் நகரில் மெடிச்சி இளவரசரிடம் கருவி செய்பவராகவும் பராமரிப்பவராகவும் வேலை பார்த்தார். மீட்டும் முள்ளுக்குப் பதிலாகச் சிறு சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு உடனே விலகும் பொறியை அவர் அமைத்தார். மெல்ல அழுத்தினால் மென்மையாகவும், ஓங்கி அழுத்தினால் பலமாகவும் ஒலி பிறந்தது. 1700ஆம் ஆண்டில் அந்த அரண்மனைக் கருவிகளின் பட்டியலிலேயே, மெதுவாகவும் உரக்கவும் ஒலிக்கும் கருவி என இது குறிக்கப்பட்டுள்ளது. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மெதுவாக, ‘ஃபோர்ட்டே’ என்றால் உரக்க என்று பொருள். கருவியின் பெயர் பிறந்தது அவ்விதமே.

கிறிஸ்தொஃபோரி செய்த பியானோக்களில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. 1720ஆம் ஆண்டில் செய்தது நியூயார்க் அருங்காட்சியகத்திலும், 1722ஆம் ஆண்டினது ரோம் நகரிலும், 1726ஆம் ஆண்டினது ஜெர்மனியின் லைப்சிக் நகரிலும் உள்ளன. அவர் சுத்தியலின் தலையைக் காகிதத்தைச் சுருட்டி ஒட்டிச் செய்து, அதன் உச்சியில் தோல் வைத்தார். மரக்கட்டையால் நேராகத் தந்தியை அடித்தால் ஒலி கடுமையாக இருக்கும் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

ஆக, பியானோவின் குரலை முடிவு செய்யும் முதல் இடம் சுத்தியலின் முகமே. இதை நாம் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குறை சொன்னவரும் குறை தீர்த்தவரும்

ஜெர்மனியில் கோட்ஃப்ரீட் சில்பர்மன் என்ற புகழ்பெற்ற ஆர்கன் செய்பவர், கிறிஸ்தொஃபோரியின் முறையைப் பின்பற்றிப் பியானோ செய்யத் தொடங்கினார். அவற்றை இசைமேதை பாக்கிடம் காட்டினார். பாக் ஒலியைப் பாராட்டினாலும், மேல் சுரங்கள் பலமின்றி இருக்கின்றன, கட்டைகள் வாசிக்கக் கனமாக இருக்கின்றன என்று குறை சொல்லிவிட்டார். சில்பர்மனுக்குக் கோபம் வந்தது. எனினும் உள்ளுக்குள் அந்தக் குறை உண்மை என உணர்ந்து, பல காலம் பாடுபட்டுக் கருவியைத் திருத்தினார். பிறகு பாக் அதை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று அக்காலத்தவர் எழுதி வைத்துள்ளனர். 1747ஆம் ஆண்டில் பாக் போட்ஸ்டாம் சென்றபோது, பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கின் அரண்மனையில் சில்பர்மன் செய்த பியானோக்களை வாசித்தார்.

குறையைக் கேட்டவுடன் கோபம் கொள்வது மனித இயல்பு. கோபம் தணிந்தபின் வேலையைத் திருத்திக் காட்டியவர்களால்தான் இந்தக் கருவி வளர்ந்தது.

அடுத்து ஆக்ஸ்பர்க் நகரத்தவரான யோகான் அந்திரேயாஸ் ஸ்டைன். இவருடைய பட்டறைக்கு 1777ஆம் ஆண்டு இளைஞரான மொசார்ட் சென்றார். அங்கே கண்டதைத் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் வியப்போடு குறிப்பிட்டார். தந்திகளுக்குக் கீழே பரந்திருக்கும் மெல்லிய மரப்பலகையை ஒலிப்பலகை என்போம். ஸ்டைன் அந்தப் பலகையைச் செய்து முடித்ததும், வெயிலிலும் மழையிலும் பனியிலும் போட்டுவிடுவாராம். அது வெடித்த பிறகு, வெடிப்பில் மரச்சீவலை வைத்துப் பசையிட்டு இறுக்குவாராம். இனி இது வெடிக்காது என்ற உறுதியோடு அதன்பின்தான் கருவியில் பொருத்துவாராம்.

இந்தச் செய்தி எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. எங்கள் மண்டபப் பியானோவின் ஒலிப்பலகையிலும் ஒரு நீண்ட வெடிப்பு இருந்தது. அதைப் பார்த்தே பலர் “போச்சு, இனி விறகுதான்” என்று சொல்லியிருந்தனர்.

தந்தியும் இரும்பும் கம்பளியும்

18ஆம் நூற்றாண்டின் முடிவில் பெரிய மண்டபங்களில் இசை நிகழ்ச்சிகள் பெருகின. உரத்த குரல் தேவைப்பட்டது. உரத்த குரலுக்குத் தடித்த தந்தி வேண்டும். அதை இறுக்கி முறுக்க வேண்டும். மரச்சட்டத்தால் அந்த இழுவையைத் தாங்க இயலவில்லை.

லண்டனில் ஜான் பிராட்வுட், அறிவியல் அறிஞர்களின் ஆலோசனையைக் கேட்டு, 1788ஆம் ஆண்டு வாக்கில் கீழ்ச் சுரத் தந்திகளுக்கெனத் தனிக் குதிரையை அமைத்தார். வீணையிலும் வயலினிலும் தந்தியைத் தாங்கும் குதிரையை நாம் அறிவோம். பியானோவிலும் அதே வேலையைச் செய்யும் நீண்ட மரக்குதிரை உண்டு. தந்தியின் அதிர்வை ஒலிப்பலகைக்குக் கொண்டு சேர்ப்பது அதுவே. பிராட்வுட் நிறுவனம் 1817ஆம் ஆண்டின் இறுதியில் இசைமேதை பேத்தோவனுக்கு ஒரு பியானோவை அன்பளிப்பாக அனுப்பியது. கடல் வழியாகவும், பிறகு தரை வழியாகவும் பயணம் செய்து அது வியன்னா சேர்ந்தது. செவிப்புலன் குன்றி வந்த அந்த மேதை கடைசிக் காலம்வரை அதை வைத்திருந்தார். இன்று அது அங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரும்பு வந்தது அமெரிக்காவில். பாஸ்டன் நகரைச் சேர்ந்த அல்ஃபியஸ் பாப்காக் என்பவர் ஒரே வார்ப்பாக ஊற்றிய இரும்புச் சட்டத்துக்கு 1825ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அது சதுரப் பியானோவுக்கானது. அதே நகரின் ஜோனஸ் சிக்கரிங், 1843ஆம் ஆண்டில் கிராண்ட் பியானோவுக்கும் அத்தகைய சட்டத்தை அமைத்தார். இன்றைய பியானோவில் சுமார் 220 முதல் 230 தந்திகள் உள்ளன. அனைத்தும் சேர்ந்து இழுக்கும் பலம் 16 முதல் 20 டன்வரை இருக்கும். நிறைய பாரம் ஏற்றிய இரண்டு லாரிகளின் எடையை அந்த இரும்புச் சட்டம் ஓசையின்றித் தாங்கி நிற்கிறது எனலாம். அனுபவமில்லாதவர்கள் பியானோத் தந்தியில் கை வைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

1826ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் தொழில் நடத்திய ஹென்றி பாப் என்பவர், சுத்தியலின் தலைக்குத் தோலுக்குப் பதிலாக ‘ஃபெல்ட்’ என்னும் அழுத்திய கம்பளியை வைத்தார். இது நெய்த துணி அன்று. ஆட்டு ரோமத்தை ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்த கனமான கம்பளி. வெளியே இறுகியும் உள்ளே துள்ளும் தன்மையோடும் இருக்கும். மெல்ல அடித்தால் மேல்முகம் மட்டும் பட்டு இனிய ஒலி வரும். ஓங்கி அடித்தால் உள்ளிருக்கும் இறுக்கமும் சேர்ந்து ஒலி பிரகாசிக்கும். நாம் இன்று பியானோ என்று கேட்கும் குரல் இந்தக் கம்பளியின் குரலே.

1859ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஸ்டைன்வே நிறுவனத்தார், கிராண்ட் பியானோவின் கீழ்ச் சுரத் தந்திகளை மற்றவற்றின் மேலாகக் குறுக்கே போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். இதனால் சிறிய பெட்டிக்குள்ளும் நீளமான தந்தியை வைக்க முடிந்தது. வீட்டுக் கூடத்துக்கு ஏற்ற பேபி கிராண்ட் பியானோக்கள் பரவ இதுவும் வழி செய்தது. கச்சேரி மேடையின் பியானோ சுமார் 9 அடி நீளம். பேபி கிராண்ட் சுமார் 5 அடிதான். 1920களில் இவை மேல்நாட்டு வீடுகளில் பெரிதும் விரும்பி வாங்கப்பட்டன.

கம்பளி ஆலையில் ஒரு பாடம்

இங்கே சற்று நின்று, அந்தக் கம்பளியைச் செய்த தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு சொல். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆல்ஃபிரட் டால்ஜ் என்பவர், நியூயார்க் மாநிலத்தில் பியானோக் கம்பளி ஆலை வைத்துப் பெருஞ்செல்வர் ஆனார். அவர் ஆலை இருந்த ஊருக்கே டால்ஜ்வில் என்று பெயராயிற்று. தம் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம், காப்புறுதி, ஆதாயத்தில் பங்கு என்று பல திட்டங்களை அவர் வகுத்தார். அக்காலத்தில் இது அரிய செயல். ஆனால் 1898ஆம் ஆண்டில் அவர் தொழில் நொடித்தது. முதலாளியின் நல்லெண்ணத்தை நம்பி நின்ற அந்தத் திட்டங்களும் அதனோடு முடிந்தன.

மலாயாவில் 1951ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 1955ஆம் ஆண்டிலும் ஊழியர்களின் சேமநிதி சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. முதலாளி நல்லவரானாலும் அல்லாதவரானாலும், தொழில் வளர்ந்தாலும் நொடித்தாலும், உழைத்தவர் பங்கு தனியே காக்கப்பட வேண்டும் என்பதன் அருமை, டால்ஜ்வில் கதையைப் படிக்கும்போது நமக்கு நன்கு விளங்குகிறது.

பழைய குரல் ஏன் கெடுகிறது?

இனி எங்கள் மண்டபத்துக்கு வருவோம். பெரியவர் மூடியைத் திறந்து, கட்டைகளோடு சுத்தியல்களையும் சேர்த்து ஒரு பெரிய இழுப்பறையைப்போல வெளியே இழுத்தார். சுத்தியல்களின் முகத்தை எங்களுக்குக் காட்டினார். ஒவ்வொன்றிலும் தந்தி பட்டுப் பட்டு வரிப் பள்ளங்கள் விழுந்திருந்தன. கம்பளி பலகைபோல இறுகியிருந்தது.

பல ஆண்டு தலை வைத்துப் படுத்த இலவம்பஞ்சுத் தலையணை கட்டி தட்டிப் போவதை நாம் அறிவோம். அதைப் பிரித்து அடித்து உதறினால் மீண்டும் மென்மையாகும். பியானோச் சுத்தியலுக்கும் ஏறக்குறைய இதே வைத்தியந்தான். முதலில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பள்ளங்களை நீக்கி, முகத்தை மீண்டும் முட்டை வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் மூன்று ஊசிகள் பொருத்திய ஒரு கைப்பிடியால் சுத்தியலின் இரு தோள்களிலும் குத்தி, உள்ளே இறுகிய இழைகளைத் தளர்த்த வேண்டும். தந்தி படும் உச்சியில் ஆழமாகக் குத்திவிட்டால் சுத்தியல் கெட்டுப்போகும். இரண்டு குத்துக் குத்தி, பொருத்தி, வாசித்துக் கேட்டு, மறுபடியும் எடுத்துக் குத்த வேண்டும். 88 சுத்தியலுக்கும் இப்படியே. இது கையைவிடக் காதின் வேலை.

எங்கள் பியானோவில் வேறொரு தொல்லையும் இருந்தது. முன்பு யாரோ ஒருவர், குரல் மங்கிய சுத்தியல்களின்மேல் கெட்டியாக மெருகெண்ணெயைத் தடவி இறுக்கியிருந்தார். மிகவும் மென்மையான சுத்தியலை நீர்த்த மெருகுநீரால் சற்று இறுக்குவது உண்டு. ஆனால் அளவு மீறினால் கம்பளி கல்லாகிவிடும். தகரச் சத்தத்துக்கு அதுவும் காரணம். அந்தச் சுத்தியல்களில் சிலவற்றை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார் பெரியவர்.

கீழ்ச் சுரங்கள் மங்கியதற்கு வேறு காரணம். அங்குள்ள எஃகுத் தந்திகளின்மேல் செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். பேபி கிராண்டில் தந்தி குட்டையானதால், தாழ்ந்த சுரம் வர அதைத் தடிப்பாக்கியே தீர வேண்டும். தடித்த குட்டைத் தந்தி விறைப்பாக இருப்பதால், அதிலிருந்து பிறக்கும் மேலொலிகள் ஒன்றோடொன்று இணங்காமல் ஒலி கலங்கலாக இருக்கும். இது பிறவிக் குணம். இதை எவராலும் முழுதும் மாற்ற முடியாது. ஆனால் செம்புச் சுற்றுக்குள் அழுக்கும் துருவும் சேர்ந்தால் அந்த ஒலியும் செத்துவிடுகிறது. ஒரு முனையைக் கழற்றி, சுற்று இருக்கும் திசையில் ஒரு முறுக்கு முறுக்கி மாட்டினால் சில தந்திகள் உயிர் பெறும். மற்றவற்றுக்குப் புதுத் தந்தி போட வேண்டும்.

ஒலிப்பலகையின் வெடிப்பை அவர் விரலால் தட்டிக் கேட்டார். அடியிலிருக்கும் குறுக்குச் சட்டங்கள் ஒட்டுவிடாமல் இருந்தன. அதிர்ச்சிச் சத்தமும் இல்லை. “இதைத் தொட வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். பெருஞ்செலவு என்று நாங்கள் அஞ்சிய இடம் அதுதான்.

நம் நாட்டு ஈரமும் பியானோவும்

தப்பு அடிப்பவர்கள் அடிக்கு முன் சருகு நெருப்பில் அதைக் காய்ச்சுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஈரத்தில் தோல் தொய்ந்து குரல் இறங்கும். சூட்டில் விறைத்துக் குரல் ஏறும். பியானோவிலோ இதற்கு எதிர்மாறாக நடக்கும். ஈரம் ஏறினால் ஒலிப்பலகை புடைத்துத் தந்திகளை மேலே தள்ளும், சுருதி ஏறிவிடும். காய்ந்தால் இறங்கும். பகலில் குளிர்சாதனம், இரவில் மழை ஈரம் என்று மாறி மாறி இருந்தால் எந்தப் பியானோவும் சுருதியில் நிற்காது.

நம் நாட்டு ஈரக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும். மரம் உப்பிக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும். கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும். மரத்தைக் கரையான் தேடி வரும். அக்காலத்தில் வெப்ப நாடுகளுக்கென்றே, பசையை மட்டும் நம்பாமல் திருகாணிகளும் சேர்த்து இறுக்கிய பியானோக்களை மேல்நாட்டு நிறுவனங்கள் செய்து அனுப்பின. பெட்டிக்குள் மிகக் குறைந்த சூடு தரும் மின் உருளையைப் பொருத்தி ஈரத்தைக் குறைக்கும் வழக்கமும் இங்கு உண்டு.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. பழைய பியானோக்களின் கறுப்புக் கட்டைகள் கருங்காலி மரத்தில் செய்யப்பட்டவை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் விளைந்த கருங்காலி உலகெங்கும் விரும்பப்பட்டது. வெள்ளைக் கட்டைகளின் மேல்தகடு யானைத் தந்தம். தந்தத்தின் அனைத்துலக வாணிபம் 1989ஆம் ஆண்டு எடுத்த முடிவின்படி தடை செய்யப்பட்டது. புதிய பியானோக்களுக்குப் பிளாஸ்டிக்கே போடுகிறார்கள்.

எங்கள் மண்டபத்தில் நடந்தது

பெரியவர் வேலையை மூன்று படியாகப் பிரித்துக் கொடுத்தார். முதல் படிக்குப் பணமே வேண்டாம் என்றார். மண்டபத்தின் மேற்குச் சன்னலுக்கு அருகே நேர் வெயிலில் கிடந்த பியானோவை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தச் சொன்னார். ஒலிப்பலகைமேல் படிந்த தூசியை மெல்ல எடுக்கச் செய்தார். அதிலிருந்து பழைய நாணயங்களும் பென்சில் துண்டும் பல்லி முட்டைகளும் வெளிவந்தன. ஒரு சுரத்தில் கேட்ட கரகரப்பு அந்த நாணயத்தோடு போய்விட்டது.

இரண்டாம் படி, சுருதி கூட்டுவதும் பொறியைச் சீராக்குவதும். சுத்தியலுக்கும் தந்திக்கும் இடையே சுமார் 45 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். எங்கள் பியானோவில் ஒவ்வொன்றும் ஓர் அளவில் இருந்தது. சுருதியும் அரைச் சுரத்துக்கு மேல் இறங்கியிருந்தது. நடு ‘ஏ’ சுரம் நொடிக்கு 440 அதிர்வு என்பது 1939ஆம் ஆண்டு லண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டு, 1955ஆம் ஆண்டில் அனைத்துலகத் தர நிறுவனத்தின் பரிந்துரையாயிற்று. அந்த அளவுக்கு ஒரே நாளில் இழுத்தால் பழைய தந்திகள் அறுந்துவிடும் என்று, பல வாரங்களில் சிறிது சிறிதாக ஏற்றினார். மூன்றாம் படியாகச் சுத்தியல்களைச் சீவி, ஊசியிட்டு, கெட்டவற்றை மாற்றி, சில கீழ்ச் சுரத் தந்திகளைப் புதிதாகப் போட்டார்.

ஒவ்வொரு படி முடிந்ததும் குழு கூடி, ஒலியைக் கேட்டு, அடுத்த படிக்குச் சம்மதம் கொடுத்தது. துணைப்பாட வகுப்பும் நின்றுபோகவில்லை. அதற்கு ஒதுக்கிய தொகையைத் தொடாமலேயே வேலை முடிந்தது. செத்த பெட்டி என்று வாதாடிய எங்கள் மண்டோர் அண்ணனே கடைசி நாளில் முன்வரிசையில் வந்து அமர்ந்தார். பெரியவர் ஏதோ ஒரு சீன மெட்டை மெதுவாக வாசித்தார். மேல் சுரங்களில் தகரச் சத்தம் இல்லை. கீழ்ச் சுரங்கள் சற்றுக் கலங்கலாகத்தான் இருந்தன. “மேடைப் பியானோவாக இது ஆகாது. ஆனால் இதனுடைய சொந்தக் குரல் இதற்கு வந்துவிட்டது” என்றார். மண்டோர் அண்ணன் எழுந்து அவருக்குத் தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

நியூயார்க்கில் உள்ள கிறிஸ்தொஃபோரியின் பியானோ பிற்காலத்தில் பலர் கையால் பலவாறு திருத்தப்பட்டது. அதனால் 1720ஆம் ஆண்டில் அது பேசிய குரலை இன்று நம்மால் முழுதாகக் கேட்க முடியாது. பழுது பார்ப்பவர் பொறுமையற்றவரானால் பழையதும் போய்விடும். எங்கள் பெரியவர் வெடிப்பைத் தொடாமல் விட்டதும், ஊசியை இரண்டு குத்தோடு நிறுத்திக் காது கொடுத்ததும் அதனால்தான் என்று பின்னர் எங்களுக்குப் புரிந்தது.

நேயர்களே! உங்கள் ஊர் மண்டபத்திலோ பள்ளியிலோ இத்தகைய பழைய கருவி இருந்தால், அவசரப்பட்டு விற்றுவிடவும் வேண்டாம். ஆசைப்பட்டுக் கடன் வாங்கிச் செலவழிக்கவும் வேண்டாம். முதலில் வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் அதை அகற்றுங்கள். தூசியை நீக்குங்கள். தெரிந்தவரை அழைத்து முறுக்காணிகள் இறுக்கமாக உள்ளனவா, இரும்புச் சட்டம் விரிசலின்றி உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முறுக்காணியைத் தாங்கும் பலகை பாழாகியிருந்தாலோ, சட்டம் உடைந்திருந்தாலோ, பழுது பார்க்கும் செலவு கருவியின் விலையை மிஞ்சிவிடும். அப்போது விட்டுவிடுவதே அறிவு. மற்றக் குறைகளை ஒவ்வொன்றாக, பணம் இருக்கும் அளவுக்கு, காது கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

அந்த மண்டபத்துப் பியானோவில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பல ஆண்டுகள் பாட்டுப் பயின்றார்கள். வேலிக்கு வெளியே நின்று கேட்ட ஒலியை அவர்கள் தம் விரலாலேயே எழுப்பினார்கள்.